வாடகை வாங்காத வீடும் சம்பள வரம்பும்

கூடைப்பந்து அணியில் இருக்கும் யாருக்கும் அளவுக்கு மீறி நல்லது நடந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. மலேசியாவில், கிள்ளானில் இருக்கும் அம்மாவுக்கு ஒருமுறை தொலைபேசியில் இப்படித்தான் விளக்கினேன். "அதுக்கா உன்னை மெல்பர்ன் வரைக்கும் அனுப்பி ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிக்க வச்சோம்?" என்று கேட்டார்.

உண்மையில் நான் சேர்ந்தது வேறு வேலைக்கு. பந்து எங்கிருந்து எறியப்பட்டது, யார் களத்தில் நிற்கும்போது அணி நன்றாக ஆடுகிறது என்பதையெல்லாம் சேகரித்து, பயிற்சியாளருக்குப் புரியும் படமாக வரைந்து கொடுக்க வேண்டும். பெண்கள் தொழில்முறை லீக்கில் ஆடும் சின்ன கிளப் அது. ஒரே மேசையில் மூன்று பேரின் வேலை நடக்கும். சம்பளக் கணக்கைப் பார்த்துவந்தவர் பிரசவ விடுப்பில் போனபோது, "உனக்குத்தான் எண்கள் பிடிக்குமே" என்று சொல்லி மேலாளர் அதையும் என் பக்கம் தள்ளிவிட்டார். எனக்கு எண்கள் அவ்வளவாகப் பிடிக்காது. எனக்குப் பிடித்தது வரிசைப்படுத்துவது. அவருக்கு அந்த வித்தியாசத்தைச் சொல்ல நேரம் வாய்க்கவில்லை.

விதிகளின் சாரம் எளிது. ஒரு பருவத்தில் எல்லா வீராங்கனைகளுக்கும் சேர்த்து ஒரு கிளப் கொடுக்கும் சம்பளம் ஓர் எல்லையைத் தாண்டக் கூடாது. அதுதான் சம்பள வரம்பு. தனி ஒருவருக்கும் உச்ச எல்லை உண்டு. எவ்வளவு பெரிய ஆட்டக்காரியாக இருந்தாலும் அதற்கு மேல் கொடுக்க முடியாது. கீழ் எல்லையும் உண்டு. அவளே சம்மதித்தாலும் அதற்குக் குறைவாகக் கொடுக்க முடியாது. பணம் படைத்த கிளப் ஒன்று நல்ல ஆட்டக்காரிகள் எல்லோரையும் அள்ளிக்கொண்டு போய்விட்டால் பார்ப்பதற்கு ஆட்டமே இருக்காது என்பதற்காக ஏற்பட்ட விதிகள் இவை.

இன்னொரு விதியும் உண்டு. மற்றவர்கள் அதை மறந்துவிடுவார்கள், எனக்கு அதுதான் தூக்கத்தில்கூட ஞாபகம் இருக்கும். கிளப் கொடுக்கும் வீடு, கார், விமானச் சீட்டு எல்லாம் சம்பளமாகவே கணக்கிடப்படும். கிளப்புக்கு விளம்பரம் தரும் ஸ்பான்சர் கொடுத்தாலும் அப்படித்தான். இல்லாவிட்டால் காகிதத்தில் சின்னச் சம்பளம் எழுதிவிட்டு, ஸ்பான்சர் கையால் கடற்கரையோரம் ஒரு வீட்டைக் கொடுத்துவிடலாம் அல்லவா?

எங்கள் அணியில் ஒரே ஒருத்தி உச்ச ஒப்பந்தத்தில் இருந்தாள். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அதை அவளுக்குக் கிடைத்த பரிசு என்று நினைப்பார்கள். என் கண்ணுக்கு அது அவளுக்குப் போட்ட பூட்டு. எல்லை மட்டும் இல்லாவிட்டால் வேறெங்காவது அவளுக்கு இன்னும் அதிகம் கிடைத்திருக்கும். ஆனாலும் அந்த ஒரு சம்பளத்தைக் கொடுத்த பிறகு மற்றவர்களுக்கு இடம் சுருங்கிவிட்டது. கடைசி ஒப்பந்தத்தைக் கீழ் எல்லையில் எழுதி முடித்தபோது, வரம்புக்குள் மிஞ்சியதைக் கொண்டு ஒரு நல்ல ஃபிரிட்ஜ் வாங்கலாம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அந்தக் கடைசி ஒப்பந்தம் சிட்னியிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு. நல்ல உயரம், நீண்ட கைகள், கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க, ரீபவுண்டுக்கு, பாயும்போது மட்டும் முகத்தில் ஒரு கோபம். முதல் நாள் அலுவலகத்துக்கு வந்தவள் என் மேசையில் இருந்த முறுக்கு டப்பாவைப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க தமிழா?" என்று கேட்டாள். அதன் பிறகு டப்பா என்னுடையதாக இருக்கவில்லை.

அவளுடைய பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள். அப்பா ரயில் ஓட்டுகிறார். அம்மா முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்க்கிறார். சிட்னியில் மேய்ஸ் ஹில் முருகன் கோவிலுக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் வீடு. தாதியர் படிப்பைப் பாதியில் நிறுத்திவைத்துவிட்டு மெல்பர்னுக்கு வர அவள் அவர்களிடம் ஓர் உடன்பாடு செய்திருந்தாள். ஒரு பருவம் மட்டும். அணியில் நிலைத்தால் தொடரலாம், இல்லாவிட்டால் திரும்பிப் போய்ப் படிப்பை முடிக்க வேண்டும். அம்மா கூடவே ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார். மற்ற வீராங்கனைகளோடு வாடகை வீட்டில் தங்கக் கூடாது, தெரிந்த தமிழ் வீட்டில்தான் தங்க வேண்டும். அப்படித்தான் மெல்பர்னின் புறநகரான நோபல் பார்க்கில், அவள் 'அன்ரி' என்று கூப்பிடும் குடும்ப நண்பர் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

பருவத்தின் நடுவில் ஒவ்வொரு கிளப்பும் லீக்குக்கு ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும். யாருக்கு என்ன சம்பளம், சம்பளத்துக்கு வெளியே என்னென்ன சலுகை என்று அதில் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதற்கு முந்தைய வாரம் நான் ஒவ்வொருத்தியாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். கார் யாருடையது, வாடகை யார் கட்டுகிறார்கள், ஊருக்குப் போன சீட்டை யார் எடுத்தார்கள். வழக்கமான கேள்விகள், வழக்கமான பதில்கள்.

அவளைப் பிடித்தது மதியச் சாப்பாட்டு நேரத்தில், கிளப்பின் சின்னச் சமையலறையில். புட்டும் மீன் குழம்பும் தேங்காய்ச் சம்பலும் பிரித்து வைத்திருந்தாள். எங்கள் உணவியல் ஆலோசகர் அந்தப் பக்கம் வராதபடி கதவைக் காலால் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாடகை எவ்வளவு?" என்றேன்.

"வாடகை இல்லை அக்கா. அன்ரி வாங்க மாட்டா."

"சாப்பாட்டுக்கு?"

அவள் சிரித்தாள். மற்றதை ஆங்கிலத்தில் சொன்னாள். முதல் வாரம் பணத்தை ஓர் உறைக்குள் போட்டு மேசையில் வைத்தாளாம். அன்ரி அதை எடுத்து அவளுடைய தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு இரண்டு நாள் அவளோடு பேசவில்லையாம்.

எனக்கு அது வியப்பாக இல்லை. என் அம்மாவும் அதைத்தான் செய்திருப்பார். சலுகைகள் கட்டத்தில் "இல்லை" என்று எழுதப்போனேன். நண்பர் வீட்டில் இலவசமாகத் தங்குவது லீக்குக்குச் சம்பந்தமில்லாத விஷயம். அப்போதுதான் சாப்பாடு வந்த துணிப்பையைப் பார்த்தேன். பச்சை எழுத்தில் ஒரு மளிகைக் கடையின் பெயர், பக்கத்தில் ஒரு தென்னை மரம்.

சமையலறையின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் பயிற்சிக் கோர்ட் தெரியும். கோட்டுக்கு வெளியே வரிசையாக விளம்பரப் பலகைகள். ஒரு வங்கி, ஒரு கார் விற்பனையாளர், ஒரு பல் மருத்துவமனை. கடைசியில், வெளியே போகும் வாசலை ஒட்டி, எல்லாவற்றிலும் சின்னதாக ஒரு பலகை. பச்சை எழுத்து. தென்னை மரம்.

"இந்தக் கடை யாருடையது?"

"அங்கிளின்ர. டான்டெனாங்கில. நான் டீமுக்கு வந்த சந்தோசத்தில ஸ்பான்சர் பண்ணினவர்." பெருமையாகச் சொன்னாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "ஏன் அக்கா?"

ஆக, நடந்தது இதுதான். அவள் அவர்கள் வீட்டுக்கு வந்தாள். அந்தப் பெருமையில் அங்கிள் கிளப்பின் மிகச் சிறிய விளம்பரத் திட்டத்தை வாங்கினார். வாங்கிய அன்றிலிருந்து அந்த வீட்டின் அறையும் புட்டும் ஒரு ஸ்பான்சர் வீராங்கனைக்குக் கொடுக்கும் சலுகையாகிவிட்டன. விளம்பரத்தை வாங்கியதற்கும் இந்தப் பெண் அங்கே தங்கியிருப்பதற்கும் தொடர்பு உண்டு என்று அலுவலகத்தில் யாருக்கும் தோன்றவில்லை. விளம்பரப் பிரிவு என் மேசைக்கு எதிர் மேசை.

அன்று பிற்பகல் நோபல் பார்க்கில் ஓர் அறைக்குச் சந்தை வாடகை என்ன என்று பார்த்தேன். ஒரு பருவத்துக்குப் பெருக்கினேன். சாப்பாட்டைச் சேர்க்கவில்லை, சேர்க்கும் அவசியமே வரவில்லை. ஃபிரிட்ஜ் அளவு இடைவெளி அறை வாடகையிலேயே நிரம்பி வழிந்தது. அங்கிள் கிளப்புக்குக் கொடுத்த விளம்பரப் பணம் அந்த வாடகையைவிடக் குறைவு.

மேலாளர் என் திரையைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவர் நல்ல மனிதர். கெட்ட செய்தியைக் கேட்டால் முதலில் கண்ணாடியைத் துடைப்பார். துடைத்தார்.

"வரம்பைத் தாண்டினால் ஒருத்தியை விட வேண்டும்," என்றார். "உச்ச ஒப்பந்தத்தை யாரும் தொட மாட்டார்கள். உனக்கே தெரியும், யார் போவாள் என்று."

தெரியும். கடைசியாக வந்தவள். பருவத்தின் நடுவில் வேறு கிளப் எதுவும் எடுக்காது. சிட்னிக்குத் திரும்பிப் போவாள், உடன்பாட்டின்படி பந்து அதோடு முடிந்தது. அவள் செய்த தவறு என்னவென்றால் நல்ல மனிதர்கள் வீட்டில் சாப்பிட்டது.

"ஒரு வழி இருக்கிறது," என்றேன். "வெள்ளிக்குள் அவள் இதுவரைக்கும் சேர்த்துச் சந்தை வாடகையைக் கட்டிவிட்டால் அது சலுகை இல்லை. அவள் கட்டத் தயார்தான். வாங்குகிறவர்தான் தயாராக இல்லை."

"அப்படியானால் நீயே போய்ப் பேசு. உங்கள் மொழிதானே?"

என் மொழியும் அவர்கள் மொழியும் ஒன்றுதான், ஆனால் ஒன்று இல்லை. அதை அவருக்கு விளக்குவதைவிடப் போய்விட்டு வருவது சுலபமாகத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளே வந்து என்னைக் காரில் அழைத்துப்போனாள். ஒரு சிக்னலில் நின்றபோது, "என்னை விட்டால் எப்போது சொல்வார்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். வெள்ளிக்குப் பிறகு என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் காரை எடுத்தாள்.

வாசலில் செருப்புகளின் குவியல். பக்கத்தில் குளிருக்குத் துணி சுற்றிய கறிவேப்பிலைச் செடி. அன்ரி கதவைத் திறந்ததும், முதலில் அறையைக் காட்டச் சொல்லி அவளை அனுப்பினார். பிள்ளை எப்படித் தங்கியிருக்கிறாள் என்று கிளப்புக்குத் தெரிய வேண்டும் அல்லவா. சுத்தமான அறை. கட்டில் மட்டும் அவளுக்குக் குட்டை; கால் பக்கத்தில் ஒரு முக்காலியை ஒட்டி வைத்திருந்தார்கள். அலமாரியில் யாருடையதோ கிரிக்கெட் கோப்பைகள், சுவரில் ஒரு மட்டை. பார்த்தேன், கேட்கவில்லை.

"சாப்பிட்டனீங்களோ பிள்ளை?" என்று குசினியிலிருந்து குரல் வந்தது.

"பசியாறிட்டுத்தான் வந்தேன் அன்ரி." காலைச் சாப்பாடு ஆயிற்று என்பதை மலேசியாவில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

அன்ரி அகப்பையோடு எட்டிப் பார்த்தார். "அது என்ன, பசி ஆறிட்டுதோ? எங்களுக்கு இன்னும் ஆறேல்ல. வந்து இருங்கோ." இடியப்பமும் சொதியும் என் முன்னால் வந்தன.

அங்கிள் நாற்காலியை இழுத்துப் போட்டார். "மலேசியாவோ? எங்கட பெரியப்பா அங்க ரயில்வேயில இருந்தவர்."

"இவருக்கு எல்லா நாட்டிலயும் ஒரு பெரியப்பா," என்றார் அன்ரி.

இரண்டு இடியப்பம் முடிந்த பிறகு வந்த விஷயத்தைச் சொன்னேன். சம்பள வரம்பு, ஸ்பான்சர் விதி, வெள்ளிக்கிழமை. வரிசையாக, ஒன்றன் பின் ஒன்றாக, மேசையில் இருந்த கிண்ணங்களை நகர்த்தி விளக்கினேன். சம்பல் கிண்ணம் உச்ச ஒப்பந்தம். அங்கிள் கவனமாகக் கேட்டார். அன்ரிக்கு ஒரு சொல் மட்டுமே காதில் விழுந்தது.

"வாடகையோ?"

"ஆமா அன்ரி. மாசா மாசம் கொஞ்சம்…"

"நான் என்ன இஞ்ச போர்டிங் நடத்துறனோ? நாளைக்கு அவளின்ர தாய் போன் எடுத்தா நான் என்னெண்டு கதைக்கிறது? உன்ர பிள்ளை திண்ட புட்டுக்கு பில் போட்டிருக்கிறன் எண்டோ?"

"அன்ரி, நான் குடுக்கிறன், பிரச்சினை இல்லை," என்றாள் அவள்.

"நீ சும்மா இரு. நீ குடுப்பாய். உன்னட்ட ஆர் கேட்டது?"

அங்கிள் நடுவில் புகுந்தார். "அப்ப நான் போர்டைக் கழட்டிப்போடுறன். ஸ்பான்சர் இல்லாட்டி கதை முடிஞ்சுதுதானே?"

"இந்த சீசன் முழுக்க நீங்க ஸ்பான்சர்தான் அங்கிள். போர்டைக் கழட்டினாலும் அப்படித்தான் எழுதணும்."

"சரி, அப்ப இவளின்ர சம்பளத்தைக் குறையுங்கோ. அந்த இடத்துக்குள்ள புட்டு வந்திடும்."

"இவ சம்பளம்தான் ஆகக் குறைஞ்சது. அதுக்குக் கீழ போக விதி விடாது."

"அப்ப இந்தச் சம்பல் கிண்ணத்துக்குக் குறையுங்கோ."

"அங்கிள், அவதான் மேட்ச் வெல்லுறா," என்றாள் இவள். அந்த நாளில் முதல் முறையாகச் சிரித்தாள்.

அன்ரி சொதியைக் கலக்கிக்கொண்டே சொன்னார்: "வரம்பு நல்ல சாமான்தான். பந்தடிக்கிறவைக்குப் போட்டதை எங்கட கலியாண வீடுகளுக்கும் போட்டிருக்கலாம். போன மாசம் கிரான்பர்னில ஒரு கலியாணம். சாப்பாட்டு மேசை உங்கட கோர்ட் நீளத்துக்கு."

கடைசியாக அங்கிள் ஒரு வழி சொன்னார். வாடகையை வாங்கி அப்படியே கோவில் உண்டியலில் போட்டுவிட்டால்? யோசித்துப் பார்த்தேன். வாங்கிய பிறகு அந்தப் பணம் எங்கே போகிறது என்பது லீக்கின் கவலை இல்லை, இந்தப் பெண்ணிடம் மட்டும் திரும்பி வரக் கூடாது. "அது சரியா வரும்," என்றேன்.

"ஆர் சரியெண்டது?" என்றார் அன்ரி. "உண்டியலில போட்டாலும் வாங்கினது வாங்கினதுதான். எங்கட வீட்டில நிக்கிற பிள்ளையிட்ட நான் காசு வாங்க மாட்டன். முருகன் கேட்டாலும் வாங்க மாட்டன்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சமையலில் உப்பின் அளவைச் சொல்வதுபோலச் சொன்னார். எனக்கு அவர் மேல் எரிச்சல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் விதிப்புத்தகத்தில் உள்ள எந்த விதியையும்விட அது உறுதியாக இருந்தது. எழுந்து கை கழுவினேன். மேலாளரிடம் என்ன சொல்வது என்று மனத்துக்குள் வரிசைப்படுத்தத் தொடங்கினேன். அவள் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது குசினி மேடையில் சாய்த்து வைத்திருந்த டேப்லெட் ஒலித்தது. அன்ரி ஈரக் கையின் பின்புறத்தால் அதைத் தட்டினார். திரையில் ஓர் இளைஞர், வாயில் தோசை.

"அம்மா, என்ர கறுத்த ஜக்கெட் அங்கயோ?"

"இஞ்சதான் கிடக்கு. எத்தினை தரம் சொன்னனான், கொண்டு போ எண்டு."

அவருக்குப் பின்னால் ஒரு பெண்மணி தோசைக் கரண்டியோடு குனிந்து திரைக்குள் வந்தார். "அக்கா, உங்கட மகனுக்கு என்ர தோசை பிடிக்கேல்லப் போல. நாலோட எழும்பிறார்."

"ஐயோ, நாலோ? வீட்டில ஆறு சாப்பிடுவான். வெக்கப்படுறான்போல."

"ஒரு வருசமா வெக்கப்படுறார்," என்றார் அந்தப் பெண்மணி.

எனக்குப் பக்கத்தில் இருந்தவள் எட்டி, "அம்மா," என்றாள்.

திரையில் இருந்த பெண்மணியின் முகத்தைப் பார்த்தேன். அதே நெற்றி, அதே நீண்ட கை. பிறகு அறையில் பார்த்த கிரிக்கெட் கோப்பைகள் நினைவுக்கு வந்தன. அழைப்பு முடியும்வரை காத்திருந்தேன். அவசரப்பட்டுக் கேட்டால் தப்பான பதில் வரும் என்பது வேலையில் கற்றது.

"அன்ரி, உங்க மகன் எங்க இருக்கார்?"

"சிட்னியில. வேலை கிடைச்சுப் போனவன். இவையின்ர வீட்டிலதான் நிக்கிறான்."

"இவ இங்க வர்றதுக்கு முன்னாடியே?"

"ஓம், போன வருசமே போயிட்டான். இவளின்ர அறைதான் அவனுக்கு. இவள் அப்ப தங்கச்சியோட படுத்தவள்."

"அவர் அங்க வாடகை…"

அன்ரி அகப்பையைக் கீழே வைத்தார். "பிள்ளை, உமக்கு வேற சொல்லே தெரியாதோ?"

நான் சிரித்துவிட்டேன். அதுவரை அந்த வீட்டில் கட்டிக் காத்த அலுவலக முகம் அங்கே போயிற்று. பக்கத்தில் திரும்பி அவளைக் கேட்டேன்: இதை ஏன் எனக்கு முதலிலேயே சொல்லவில்லை? அவள் உண்மையாகவே குழம்பிப் போனாள். "அண்ணா அங்க இருக்கிறதுக்கும் இதுக்கும் என்ன அக்கா?"

அவளைக் குறை சொல்ல முடியாது. இரண்டு வீட்டிலும் ஒருவரும் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை. பார்த்தால் அது கணக்குப் பார்ப்பது ஆகிவிடும். சிட்னி வீட்டில் மகன் சாப்பிடுகிறான், மெல்பர்ன் வீட்டில் மகள் சாப்பிடுகிறாள். அவன் அறையில் அவள், அவள் அறையில் அவன். வெளியிலிருந்து வந்த ஒருத்திக்கு மட்டும்தான் அது ஒரு சமன்பாடாகத் தெரிந்தது.

திங்கட்கிழமை லீக் அலுவலகத்தில் இந்த விஷயங்களைப் பார்க்கும் பெண்ணைத் தொலைபேசியில் அழைத்தேன். கறாரானவர், சுருக்கமாகப் பேசுபவர். நான் சொல்லி முடித்ததும் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார்.

"அவளுடைய அறையில் இவர்களின் மகன். இவர்களின் மகனுடைய அறையில் அவள்."

"ஆம்."

"யாரும் யாருக்கும் பணம் கொடுப்பதில்லை."

"கொடுக்க முயன்றால் இரண்டு நாள் பேச மாட்டார்கள்."

அவர் சிரித்தாரா என்று எனக்கு நிச்சயமில்லை. மகன் சிட்னிக்குப் போனது ஸ்பான்சர் ஒப்பந்தத்துக்கு முன்பா என்று கேட்டார். இவளுடைய ஒப்பந்தத்துக்கே முன்பு என்றேன். அப்படியானால் இது இரு குடும்பங்களுக்கு நடுவே உள்ள தனிப்பட்ட ஏற்பாடு, ஆட்டத்துக்காகக் கொடுத்த சலுகை இல்லை என்று வாதிக்க இடமிருக்கிறது. இரண்டு வீட்டாரும் கையெழுத்திட்டு எழுதித் தரட்டும், பார்க்கிறேன் என்றார். பார்க்கிறேன் என்றுதான் சொன்னார். சரி என்று சொல்லவில்லை.

செவ்வாய் மாலை மறுபடியும் நோபல் பார்க். நான் அலுவலகத்தில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கொண்டுபோன முதல் வரைவை அங்கிள் தமிழில் சொல்லச் சொல்ல அன்ரி கேட்டார். எங்கள் மகன் அவர்கள் வீட்டில் தங்குவதற்குப் பதிலாக அவர்களின் மகள் எங்கள் வீட்டில் தங்குகிறாள் என்று அதில் எழுதியிருந்தேன்.

"பதிலாகவோ?" என்றார் அன்ரி. "பிள்ளையள் என்ன வாளியளோ, மாத்தி எடுக்கிறதுக்கு? அவன் அங்க இல்லாட்டியும் இவளை நான் வெளிய விட்டிருப்பனோ?"

அவர் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். அந்த உண்மையை லீக்கிடம் சொன்னால் கதை கெட்டுவிடும் என்றும் ஒரு கணம் பயந்தேன். பிறகு நிதானமாக யோசித்தேன். லீக் கேட்டது காரணத்தை அல்ல, நடப்பை. எனக்கும் பொய் எழுதி வாங்க விருப்பமில்லை. அங்கேயே உட்கார்ந்து வேறு மாதிரி எழுதினேன். எங்கள் மகன் போன ஆண்டிலிருந்து அவர்கள் வீட்டில் இருக்கிறான், பணம் கொடுப்பதில்லை. அவர்களின் மகள் இந்த ஆண்டு எங்கள் வீட்டில் இருக்கிறாள், பணம் கொடுப்பதில்லை. கிளப்புக்கு நாங்கள் விளம்பரம் கொடுக்காவிட்டாலும் அவள் இங்கேதான் இருந்திருப்பாள். இவ்வளவுதான்.

அங்கிள் படித்தார். அன்ரி இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

"இதில பொய் ஒண்டுமில்லை," என்றார். "கொண்டாங்கோ பேனையை."

சிட்னியிலிருந்து அவளுடைய அம்மாவும் எழுதி அனுப்பினார். நான் கேட்காத விவரம் ஒன்றையும் சேர்த்திருந்தார்: மகன் நன்றாக நடந்துகொள்கிறான், கொஞ்சமாகத்தான் சாப்பிடுகிறான். அதை நீக்காமல் அப்படியே அனுப்பினேன்.

என் திருப்திக்காக ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். சிட்னியில் அறை வாடகை மெல்பர்னைவிட அதிகம். அன்ரியின் மகன் ஓர் ஆண்டுக்கு முன்பே போனவர் வேறு. கணக்கென்று பார்த்தால் அன்ரி வீடுதான் சிட்னி வீட்டுக்குப் பாக்கி. இந்தத் தகவலை நான் இன்றுவரை அந்த வீட்டில் சொல்லவில்லை.

வியாழன் மதியம் லீக்கிலிருந்து மின்னஞ்சல் வந்தது. ஏற்பாட்டைக் குறித்துக்கொண்டோம், சலுகையாகக் கணக்கிடத் தேவையில்லை, இரண்டில் ஒருவர் வீடு மாறினால் தெரிவிக்கவும். நான் அதை எழுத்து விடாமல் படித்தேன். பிறகு எழுந்து போய்ச் சமையலறைக் கதவைத் தட்டினேன். அது உள்ளிருந்து காலால் அடைக்கப்பட்டிருந்தது.

"ஆர்?"

"நான்தான். நீ இருக்கே. எங்கேயும் போகலை."

கதவு திறந்தது. அவள் கீழே உட்கார்ந்து, முழங்கால்களைக் கட்டிக்கொண்டு, அந்த நீளமான உடம்பை ஒரு சின்ன மூட்டைபோல ஆக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, "அக்கா, புட்டு இருக்கு," என்றாள். நானும் தரையில் உட்கார்ந்தேன். உணவியல் ஆலோசகர் கதவைத் தட்டினார். இரண்டு பேரும் காலை வைத்து அடைத்துக்கொண்டோம்.

சனிக்கிழமை ஆட்டத்தில் கடைசிக் கால் பகுதியில் அவளை இறக்கினார்கள். பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. இரண்டு ரீபவுண்ட் எடுத்தாள், ஒரு ஃபவுல் வாங்கினாள். தோற்றவர்கள் நாங்கள்தான். ஆனால் அவள் களத்தில் நின்ற நேரத்தில் வழக்கம்போல என் திரையைப் பார்க்க வேண்டிய நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிடங்களின் தரவை மறுநாள் காணொளியைப் பார்த்துத்தான் நிரப்பினேன்.

அங்கிளும் அன்ரியும் வாசலை ஒட்டிய இருக்கைகளில், தங்கள் பலகைக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். பலகையின் தென்னை மரம் ஆட்டத்தில் ஒருமுறைகூடத் தொலைக்காட்சியில் வரவில்லை என்று அங்கிள் குறைபட்டார். இடைவேளையில் அன்ரி என்னைக் கையசைத்துக் கூப்பிட்டு ஒரு துணிப்பையை நீட்டினார். பச்சை எழுத்து, கையில் சூடு தெரிந்தது.

"இதுக்கும் உங்கட ஆக்களிட்டக் கேக்க வேணுமோ?"

"வேணாம் அன்ரி. வரம்பு ஆடுறவங்களுக்கு மட்டும்தான். எனக்குக் கிடையாது."

"அப்ப நல்லதாப் போச்சு," என்றார் அன்ரி. "ஞாயிற்றுக்கிழமை வாரும். பசியாறாமல் வாரும்."